வெட்டாத எலும்பு

எங்கள் நாய்க்கு வாய்தான் வேலை. தேவையில்லாமல் குரைக்காது, யாரையும் கடித்ததில்லை, ஆளைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கும். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும். கட்டில் கயிறு, விளக்குமாறு, அம்மியடியில் போட்டிருந்த சாக்கு, என் கணவரின் சுரங்கத்து பூட்ஸ் என்று அதன் வாய்க்குத் தப்பியது எங்கள் குவார்ட்டர்ஸில் எதுவுமில்லை. பூட்ஸ் வேலைக்கென்று கொடுத்தது. ஒரு காலின் குதியை நாய் தின்றுவிட்டதால் அவர் கொஞ்ச நாள் நொண்டிக்கொண்டே ஷிப்டுக்குப் போனார். காலில் சுளுக்கா என்று உடன் வேலை செய்தவர்கள் கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். நாய் தின்றுவிட்டது என்று சொல்ல அவருக்கு வெட்கம். வெட்கப்படுகிற விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல ஜோடி.

அது நாட்டு நாய் இல்லை. முழுக்கச் சீமை நாயும் இல்லை. நிலக்கரி எடுக்க யோசனை சொல்ல வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெரிய தலையும் அகன்ற தாடையுமாக ஒரு நாய் வளர்த்தார். அதோடு சேர்ந்து ஒரு தெருநாய் போட்ட குட்டிகளில் ஒன்றை அவருடைய பங்களா வாட்ச்மேன் எங்களுக்குக் கொடுத்தார். உடம்பு தாயைப் போல ஒல்லி, தலை மட்டும் தகப்பனுடையது. பார்ப்பதற்கு வேறொரு நாயின் தலையை எடுத்து ஒட்ட வைத்தது போல இருக்கும். அந்தத் தாடையில் அகப்பட்டது எதுவாக இருந்தாலும் சாயங்காலத்துக்குள் தூள்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பிளாக்கிற்குப் பின்னால் அப்போதும் முந்திரித் தோப்பு இருந்தது. என் கணவருக்குச் சுரங்கத்தில் கன்வேயரில் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். அவர் ராத்திரி ஷிப்டு போகும் வாரங்களில் நான் தனியாக இருந்தேன். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. நாய் வந்த பிறகுதான் அந்த வீட்டில் நான் வாய் திறந்து பேச ஆரம்பித்தேன். அரிசி களைகிறபோதும் துணி மடிக்கிறபோதும் அதனிடம் பேசிக்கொண்டே இருப்பேன். அதுவும் என் முந்தானையை மென்றுகொண்டே கேட்கும். அதை நான் என் பிள்ளையாகத்தான் நினைத்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரர் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் தீபாவளிக்கு வாங்கிய புதுச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டிருந்தார்கள். எங்கள் நாய் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வாரை மட்டும் மிச்சம் வைத்தது. அவர்கள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். அவர்கள் சத்தம் போடவில்லை. சிரித்த முகத்தோடு, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எழுதிக் குடுக்க வேண்டியதா போயிடும், தப்பா நினைச்சுக்காதீங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

என் கணவர் அப்போதுதான் பெர்மனென்ட் ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் எங்களைப் போலக் கூலி வேலை பார்த்த குடும்பங்களில் சிமென்ட் தரையும் குழாய்த் தண்ணீரும் கண்டவர்கள் நாங்கள்தான். ஆபீசுக்குப் புகார் எழுதிக் கொடுத்தால் குவார்ட்டர்ஸே போய்விடும் என்று அவர் பயந்தார். நாயை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். ஊரில் அதற்கு யார் சோறு போடுவார்கள், நாலே நாளில் செத்துப்போகும் என்று நான் அழுதேன். அதன் வாய்க்கு ஒரு வேலை கொடுத்தால் போதும், செருப்புப் பக்கம் போகாது, கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். இன்னொரு புகார் வந்தால் நாய் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அவர் பொறுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நாய்க்கு மெல்லுவதற்கு என்ன கொடுப்பது என்பதே என் கவலையாகிவிட்டது. முதலில் முந்திரிக் கட்டை. அது சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து ஈறில் குத்தி ரத்தம் வந்தது. பிறகு உரித்த தேங்காய் மட்டை. நாரை விழுங்கிவிட்டு விடியற்காலையில் என் பாயின் மேலேயே கக்கியது. பழைய துணியை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டது.

அப்புறம் பெல்ட். சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டில் தேய்ந்து கழித்த துண்டுகள் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கிடக்கும். கால் மிதிக்கப் போடுவார்கள், செருப்புக்கு அடித்தோல் வெட்டுவார்கள், ஆட்டுக்கல் ஆடாமல் இருக்க அதன் அடியில் அண்டக் கொடுப்பார்கள். மலையையே சுமக்கிற ரப்பர், இந்த நாயால் என்ன செய்ய முடியும் என்று என் கணவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தார். நாய் கொண்டாடிவிட்டது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அது மெல்லுவதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

பெல்ட்டுக்குள் அடுக்கடுக்காகக் கித்தான் துணி வைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. தெரிந்தவருக்கே தோன்றவில்லை. நாய் மேல் ரப்பரைப் பிய்த்துவிட்டு உள்ளே இருந்த நூலையெல்லாம் உருவி விழுங்கியிருக்கிறது. ஒரு நாள் காலை, தெருவே வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரத்தில், பக்கத்து வீட்டு வாசலுக்கு எதிரே அது வெளிக்கு உட்கார்ந்தது. உட்கார்ந்தது வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. பின்னால் நூல் தொங்கிக்கொண்டு நிற்க, பயந்து போய் அது ஓட, நான் விளக்குமாற்றோடு பின்னாலேயே ஓட, கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தத் தெருவில் அதற்கப்புறம் நான் தலையை நிமிர்த்தி நடக்க வெகு நாளாயிற்று. பெல்ட்டைத் தூக்கி எறிந்தேன். எலும்புதான் சரி என்று முடிவுக்கு வந்தோம்.

எலும்புக்கு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போக வேண்டும். கடைக்குப் போவதிலும் வரிசையில் நிற்பதிலும் எனக்கு ஒன்றுமில்லை. எலும்பு கேட்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கறியை வாங்கிக்கொண்டு, இலையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் நினைவு வந்தது போல, “நாய்க்கு ரெண்டு எலும்பு போடுங்க” என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் கறி வெட்டும் அடிக்கட்டையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவார். அப்படிக் கேட்கிறவர்கள் வீட்டில் அநேகமாக நாய் இருக்காது. கடைக்காரருக்கும் அது தெரியும், வரிசையில் நிற்பவர்களுக்கும் தெரியும். என்ன நாய், என்ன நிறம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. குறிஞ்சிப்பாடிச் சந்தையில் என் அம்மா அப்படித்தான் கேட்பாள். எங்கள் வீட்டில் நாய் இல்லை, கோழிகூட இல்லை. ஐந்து பேர் இருந்தோம். அந்த எலும்புச் சாறு மணக்கிற நாள்தான் எங்களுக்குப் பண்டிகை. ஆகவே நிஜமாகவே நாய் வளர்க்கிற ஒருத்தியாக, பெர்மனென்ட் வேலைக்காரரின் பெண்டாட்டியாக, சலவைப் புடவை கட்டிக்கொண்டு நின்ற நான் அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லதாக நாலு எலும்பை எடுத்து, பொடிப்பொடியாக வெட்டி, கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துப் போட்டார். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேறு பக்கம் பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். இல்லை, எங்கள் வீட்டில் உண்மையாகவே நாய் இருக்கிறது என்று திரும்பிச் சொல்லலாமா என்று உடம்பெல்லாம் துடித்தது. அதைச் சொன்னால் இன்னும் கேவலம் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

அவர்கள் நினைத்ததில் பாதி உண்மை என்பதுதான் இதில் வேடிக்கை. பச்சை எலும்பு கொடுத்தால் நாய்க்கு ரத்த ருசி ஏறி வெறி பிடிக்கும் என்று எங்கள் பிளாக்கில் எல்லாரும் சொன்னார்கள். ஆகவே வேக வைத்தேன். எலும்பு வேகிற பானையில் ஒரு பிடி மிளகு சீரகம் தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் நாலு நசுக்கிப் போட்டால் என்ன குறைந்துவிடும்? அவ்வளவு மணமான தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனசு வராது. ஷிப்டு முடிந்து கரித்தூசியோடு வந்த மனுஷன் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் இருக்கிறதா என்றார். நானும் குடித்தேன். வெந்து வெளுத்த எலும்பு நாய்க்குப் போனது. மூன்று பேருக்கும் திருப்தி. செருப்புகள் தப்பித்தன. கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் நிம்மதி இருந்தது.

ஒரு திங்கட்கிழமை நாய் எழுந்திருக்கவில்லை. வயிறு கல்லாக இருந்தது. முக்கிமுக்கிப் பார்த்தது, ரெண்டு சொட்டு ரத்தம்தான் வந்தது. தண்ணீர் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் கணவர் ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டை மாற்றாமல் அதைச் சாக்கில் வைத்து சைக்கிள் கேரியரில் கட்டினார். நான் பின்னால் பிடித்துக்கொண்டே நடந்தேன். வடலூர் போகிற சாலையில் கால்நடை டாக்டர் ஒருவர் இருந்தார். வழியெல்லாம் அது என் கையை நக்கிக்கொண்டே வந்தது, கடிக்கவில்லை. மெல்லாத வாயைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அங்கே ஆட்டையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நின்றார்கள். அதில் எங்கள் பிளாக்குக்குப் பால் ஊற்றுகிறவரும் தன் மாட்டோடு நின்றிருந்தார். டாக்டர் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்ன தின்றது என்று கேட்டார். எலும்பு என்றோம். பச்சையா, வெந்ததா என்று கேட்டார். “பச்சைதாங்க” என்று என் கணவர் சட்டென்று சொன்னார். அவர் பார்வை பால்காரர் பக்கம் போய் வந்ததை நான் கவனித்தேன். பச்சை எலும்பு என்றால் தானாகக் கரைந்து வந்துவிடும், எண்ணெய் கொடுத்துப் பேதிக்குப் போக விடுவோம் என்று சொல்லி டாக்டர் விளக்கெண்ணெய் புட்டியைக் கையில் எடுத்தார்.

அவர் கேட்ட கேள்வி சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று அந்தப் புட்டியைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. “வெந்ததுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் என்ன என்றார். “வெந்த எலும்புங்க. வேக வச்சுதான் போட்டோம்” என்று உரக்கவே சொன்னேன்.

டாக்டர் புட்டியைக் கீழே வைத்துவிட்டார். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும், எண்ணெய் கொடுத்து விரட்டியிருந்தால் குடலைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லி என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். எதற்கு வேக வைத்தீர்கள் என்று கேட்டார். வெறி பிடிக்கும் என்று சொன்னார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெறிக்குப் பயந்தால் ஒரு கொதி போதுமே, எத்தனை நேரம் வெந்தது என்று அவர் விடாமல் கேட்டார். “சூப்பு எறங்கற வரைக்கும் வெந்துதுங்க. சூப்ப நாங்க குடிச்சோம்” என்று சொன்னேன். பத்துப் பேரும் கேட்டார்கள். பால்காரர் தன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கீழே பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஊசி போட்டார். குழைய வடித்த சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி உருட்டி ஊட்டச் சொன்னார். சோறு எலும்புத் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு குத்தாமல் இறக்கிவிடும் என்றார். பிழைத்தால் இனி என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னார். பச்சை எலும்புதான் கொடுக்க வேண்டும். தொடை மூட்டு நல்லது. நாயின் வாய்க்குள் முழுசாகப் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கத்தி படக் கூடாது, வெட்டின இடத்தில்தான் சிலாம்பு கிளம்பும். மென்று மென்று சின்னதாகிவிட்டால் விழுங்குவதற்கு முன்னால் பிடுங்கிவிட வேண்டும். “முக்கியமா வெட்டாம வாங்குங்க” என்று போகும்போதும் சொன்னார்.

நாய் பிழைத்தது. அந்தச் சோற்று உருண்டைகளை நான் கையாலேயே ஊட்டினேன். அது எழுந்து நின்று கட்டில் காலை மெல்லத் தொடங்கிய அன்று கட்டிலைப் பற்றி யோசிக்காமல் சந்தோஷப்பட்டேன். என் கணவர் மட்டும் சரியாகப் பேசவில்லை. நாய் பிழைத்தது நல்லதுதான், ஆனால் அத்தனை பேர் முன்னால் சூப்பைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். கேட்டால்தானே சொன்னேன் என்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டுமா என்றார்.

பால்காரர் பாலை ஊற்றிய வீடுகளிலெல்லாம் இதையும் ஊற்றியிருந்தார். குழாயடியில் நான் போனதும் பேச்சு நிற்கும். ஒருத்தி, என்ன இன்றைக்கு மிளகு வாசனை வரவில்லையே என்றாள். அதையெல்லாம் நான் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டு அம்மாள் செய்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. செருப்பைப் பற்றிப் பேசுவதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் மதியம் தட்டில் சோறு போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்து, “மிஞ்சிப் போச்சு, உங்க நாய்க்குப் போடுங்கோ” என்று கொடுத்தார்கள். திறந்து பார்த்தேன். சூடான சோறு, மேலே கத்தரிக்காய்க் கறி, ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். எந்த நாய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிடும்? நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். கேட்காமல் கொடுக்கிற மரியாதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் டாக்டர் சொன்னபடி கேட்டேன். நாய்க்கு எலும்பு வேண்டும், மூட்டாகப் பார்த்துப் போடுங்கள், வெட்ட வேண்டாம் என்றேன். கடைக்காரர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். நாயை விட்டுவிட்டு, சூப்புச் செய்தி மட்டும் அவருக்கும் போய்விட்டது போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வரிசைக்குக் கேட்காத குரலில், “வெட்டுனாத்தாம்மா சாறு எறங்கும். நீ கூச்சப்படாத” என்று சொல்லி நான் தடுக்கத் தடுக்க மூட்டை நாலாகப் பிளந்து, இரண்டு நெஞ்செலும்பும் சேர்த்துப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதான். வெட்டாதீங்க, வெட்டாதீங்க என்று நான் சொல்லச் சொல்ல, நான் வீம்புக்குச் சொல்வதாக நினைத்து அவர் இன்னும் சின்னதாக வெட்டினார்.

வெட்டின எலும்பை நாய்க்குக் கொடுக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சூப்பு வைக்கவும் மனசு வரவில்லை. நாயோ பசித்த வாயோடு வாசலைப் பார்த்தது. எதிர் வீட்டுப் படியில் ஒரு பையனின் செருப்பைக் கவ்வியதை நான் பார்த்துப் பிடுங்கிவிட்டேன், யாரும் பார்க்கவில்லை. என் கணவர் மட்டும் பார்த்திருந்தார். இந்த மாசத்தோடு நாயை ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் நாய் சாகப் பார்த்தது, பிழைத்தது, இப்போது வீட்டைவிட்டே போகப் போகிறது. இத்தனையும் எனக்கு ஒரு நாய் இருக்கிறது என்பதை அந்தக் கறிக்கடை மனுஷன் நம்பாததால். நம்ப வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. தொங்குகிற கறியைப் பார்த்து அது எச்சிலை ஒழுகவிட்டுக்கொண்டு நின்றது. ஆனால் ஒழுங்காகத்தான் நின்றது. அதன் தலையையும் தாடையையும் பார்த்த ஒருவர் இது என்ன சாதி என்று கேட்டார், நான் பெருமையாகச் சொன்னேன். என் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் எட்டிப் பார்த்து, கத்தியை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். இத்தனை நாளாக நிஜ நாய்க்குத்தான் கேட்டாயா, நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முழு மூட்டாகப் பார்த்து, கத்தியே படாமல் ஒன்றை எடுத்து என் பையில் போட்டார்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைவிட மூத்தவள். புடவை ஓரமெல்லாம் சுரங்கத்துச் செம்மண் ஏறியிருந்தது. கான்ட்ராக்டில் மண் வேலை செய்கிறவளாக இருக்கும். கொஞ்சமாகக் கறி வாங்கினாள். இலையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் நினைவு வந்தது போலத் தூக்குச்சட்டியை நீட்டி, “நாய்க்கு ரெண்டு எலும்பு போடுங்க” என்றாள்.

கடைக்காரர் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. என் நாயைக் கையால் காட்டி, “இந்தம்மா நாய இட்டாந்து காட்டிட்டாங்க. உன் நாயி எங்க? அடுத்த வாரம் நீயும் இட்டுகினு வா, போடறேன்” என்றார். வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். என்னை நம்பிவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தேன்.

அவள் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு வரிசையை விட்டு விலகிப் போனாள். கடைக்காரர் அடிக்கட்டை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்ததையெல்லாம் வழித்து, இதையும் உன் நாய்க்கே கொடு என்று என் பையில் போட்டார். அவ்வளவும் அவளுக்குப் போயிருக்க வேண்டியது. அப்போதுதான் என் சிரிப்பு எனக்கே காதில் விழுந்தது. ஒரு ஊரே சேர்ந்து கேட்காமல் விட்டிருந்த ஒரு கேள்வியை, நான் ஒரு நாயைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கேட்க வைத்துவிட்டேன். எலும்புச் சாறு குடித்து வளர்ந்த உடம்பு என்னுடையது. கூசிப்போய் நின்றேன்.

நாயையும் இழுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். பஸ் நிற்கிற புளியமரத்துக்கு அப்பால்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது. அக்கா என்று கூப்பிட்டேன். நின்றாள். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு ஓடி வரவில்லை. பையை நீட்டினேன்.

“இதுல நெறைய இருக்குதுங்க. இதுக்கு ஒரு எலும்பே போதும். பாக்கிய உங்க நாய்க்கு எடுத்துக்குங்க” என்றேன்.

அவள் பையைப் பார்க்கவில்லை. என் நாயைப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது. அதன் பெரிய தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“எங்க நாயி செத்துப்போச்சும்மா” என்றாள். “பழக்கத்துல கேட்டுட்டேன்.”

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒப்பந்தக் கூலிகளின் குடிசைகள் இருந்த பக்கமாக நடந்து போனாள். வேகமாகவும் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத்தான் ஓரத்துக்குப் போனேன்.

அன்று மத்தியானம் முழுக்க நாய் எங்கள் வாசலில் படுத்து அந்த மூட்டெலும்பை மென்றது. பச்சை எலும்பு, முழு மூட்டு, வாய்க்குள் போகாத அளவு, கத்தி படாதது. டாக்டர் சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை. தெருவில் போட்டிருந்த செருப்புகளை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. என் கணவர் ஈசிசேரில் சாய்ந்தபடி வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இதை ஊருக்கு அனுப்ப வேண்டியதில்லை, இப்போதுதான் சரியான எலும்பு கிடைத்திருக்கிறது என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவள் வாங்காமல் விட்ட எலும்புகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன்.